சொக்கி மேகம் பார்த்த கதை

தலையணைக்கு வாய் உண்டு என்கிற விஷயம், தினமும் அதில் தலை வைத்துத் தூங்குகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. உறையை மூன்று பக்கம் மெஷினில் அடித்துவிட்டு நாலாவது பக்கத்தில் ஒரு சாண் அகலத்துக்குத் திறந்து விட்டிருப்பார்கள். அதுதான் வாய். அதற்குள் குழாயை விட்டுப் பஞ்சை ஊதி, வயிறு நிறைந்ததும் கையால் தைத்து மூட வேண்டும். தைத்தது தெரியக் கூடாது. அந்த வேலையைத்தான் சொக்கி பார்த்தாள்.

"இத்தனை வாயைத் தைக்கிறியே, எதிர்ல உக்காந்திருக்கிற அந்த ஒரு வாயைத் தைக்க முடியலையாடி உன்னால?" என்று மற்றப் பெண்கள் கேட்பார்கள். எதிரில் உட்கார்ந்திருந்தது வெட்டுக்காரி. துணி வெட்டுகிறவள். கத்தரிக்கோல் நின்றாலும் நாக்கு நிற்காது. யார் வீட்டில் யார் யாரோடு பேசவில்லை, யார் பெண் எந்தப் பையனோடு பஸ்ஸில் போனாள், எல்லாம் அவளிடம் அளவெடுத்து வெட்டி அடுக்கி வைத்த மாதிரி இருக்கும்.

சொக்கி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பள்ளிக்கூடத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. நின்றால் நின்ற இடத்தில், உட்கார்ந்தால் உட்கார்ந்த இடத்தில் அப்படியே சொக்கிப் போய்விடுவாள். கண் திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டாள். கல்யாண போட்டோவில் எல்லோரும் கேமராவைப் பார்க்க, இவள் மட்டும் போட்டோக்காரன் தலைக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"அங்க அப்படி யாருடி நின்னா?" என்று வீட்டுக்காரர் இன்றைக்கும் கேட்பார்.

"யாரும் இல்லீங்க. வெளிச்சம் நல்லா இருந்துது."

"பக்கத்துல மாப்பிள்ளை நல்லா இல்லையா?"

"உங்களத்தான் அப்புறம் நிறையப் பாக்கப் போறேனே."

வீட்டுக்காரர் சலூன் வைத்திருந்தார். ஒரு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்ச். பெண் பிள்ளைகள் இரண்டு. போதும் என்று முடிவான அன்றிலிருந்து சொக்கி மாத்திரை சாப்பிட்டு வந்தாள். மருந்துக்கடையில் போய்ப் பெண்கள் கேட்டால் கடைக்காரன் ஒரு மாதிரிச் சிரிப்பான் என்று, மாதா மாதம் சலூன்காரரே வாங்கி வந்துவிடுவார். பழைய பேப்பரில் சுற்றி, சவரக் கிரீம் டப்பாவுக்குப் பின்னால் வைத்து, என்னவோ கடத்தல் சரக்கு மாதிரி சாயங்காலம் கொண்டுவந்து கையில் கொடுப்பார்.

ஆரம்பத்தில் மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்டிருந்தார். "சிகரெட் பிடிக்கிற பழக்கம் இருக்கா?"

சொக்கிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ, என்னங்க இது."

அன்றைக்கு அது சத்தியமான பதில்.

*

பஞ்சு அறைக்குள் நுழைந்தால் காற்றே வெள்ளையாக இருக்கும். ஊதுகிற மெஷின் ஒரு பெரிய மிருகம் தூங்குகிற மாதிரி ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருக்கும். ஜன்னல் வழியாக விழுகிற வெயிலில் பஞ்சுத் துகள்கள் மேலே போவதா கீழே வருவதா என்று முடிவு செய்யாமல் மிதக்கும். காலையில் கருகருவென்று பின்னிக்கொண்டு வருகிற பெண்களெல்லாம் சாயங்காலத்துக்குள் தலை நரைத்துக் கிழவிகளாகி, வீட்டுக்குப் போய்க் குளித்து மறுபடியும் குமரிகளாகிவிடுவார்கள். அந்த உறுமலில், அந்த வெள்ளையில், சொக்கி மாதிரி ஒருத்தி சொக்கிப் போகாமல் இருந்தால்தான் அதிசயம். விரல்கள் தாமாகத் தைத்துக்கொண்டிருக்கும். அவள் வேறெங்கோ இருப்பாள்.

அங்கே சூப்பர்வைசருக்குத் தும்மல் என்று பெயர். அந்த மனிதருக்குப் பஞ்சு ஆகாது. பஞ்சு ஆகாதவர் எதற்குத் தலையணைக் கம்பெனிக்கு வந்தார் என்றால், முதலாளிக்கு மச்சான், வேறெங்கே போவார்? வரும்போதே தும்மிக்கொண்டு வருவார். அதனால் கதை பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லோருக்கும் குனிந்து வேலை பார்க்கத் தாராளமாக நேரம் கிடைத்தது.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. வேறெந்தக் கம்பெனியிலும் இப்படிக் கேள்விப்பட முடியாது. எப்போதோ ஒருத்தன் பாத்ரூமில் ஒளிந்து சிகரெட் பிடித்து, சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சு பற்றிக்கொண்டு, பாதிக் கிடங்கு போயிற்று. முதலாளி யோசித்தார். பிடிக்காதே என்று சொன்னால் ஒளிந்து பிடிப்பார்கள். அதனால் ஒரு போர்டு எழுதி மாட்டினார்: சிகரெட் வைத்திருப்பவர் யாரும் பஞ்சு அறையில் இருக்கக் கூடாது, உடனே மொட்டை மாடிக்குப் போக வேண்டும். காலையில் ஒரு தடவை, மத்தியானத்துக்கு மேல் ஒரு தடவை, சிகரெட் பிடிக்கிறவர்கள் மாடிக்குப் போய்விட்டு வரலாம் என்று ஆயிற்று. தீப்பெட்டியைக்கூட மாடியிலேயே ஒரு டப்பாவில் போட்டுக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

சிகரெட் பிடிக்காதவர்களுக்கு? அவர்களுக்கு ஒன்றும் கிடையாது. "நீங்கதான் பிடிக்கிறதில்லையே, உங்களுக்கு எதுக்கு ரெஸ்ட்?" என்று தும்மல் கேட்பார். கேட்டுவிட்டு ஒரு தும்மு தும்முவார். ஒழுங்காக இருக்கிறவர்கள் உள்ளே உட்கார்ந்து பஞ்சு தின்ன, கெட்டுப் போனவர்கள் மேலே காற்று வாங்கினார்கள்.

வெட்டுக்காரி கெட்டுப் போய் வெகுநாள் ஆகியிருந்தது. புருஷன் விட்டுப்போன சொத்து இந்தப் பழக்கம் ஒன்றுதான் என்று சிரிப்பாள். ஒரு நாள் சொக்கியின் தோளில் தட்டினாள்.

"வாடி மேல."

"நான் எதுக்குக்கா? நான் பிடிக்கிறதில்லையே."

"யாருடி உன்னப் பிடிக்கச் சொன்னா? கையில வச்சுக்கோ. நான் இழுக்கறேன், நீ வேடிக்கை பாரு."

சொக்கி போனாள்.

மொட்டை மாடியில் பெரிய அழகு ஒன்றும் இல்லை. ஒரு தண்ணீர்த் தொட்டி, கால் உடைந்த நாற்காலி, அந்தத் தீப்பெட்டி டப்பா, அவ்வளவுதான். ஆனால் மேலே வானம் இருந்தது. பஞ்சு அறையிலிருந்து நேராக ஏறி வந்தவளுக்கு அந்த மேகங்களைப் பார்த்ததும் உடம்பே லேசாகிவிட்டது. யாரோ உறை போட மறந்த தலையணைகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. இதற்குப் பஞ்சு பத்தவில்லை. இது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, பிரித்துத்தான் தைக்க வேண்டும். அது மட்டும் சரியான தலையணை, அதில் படுத்தால் எழுந்திருக்கவே மனசு வராது. வாய் தைக்கத் தேவையில்லாத தலையணைகள்.

"ஏய், இறங்கி வா," என்றாள் வெட்டுக்காரி. அவள் இறங்கச் சொன்னது மாடியிலிருந்து இல்லை.

அன்று முதல் சொக்கி ஒரு நாளும் மாடியைத் தவறவிட்டதில்லை. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள், சமையல், துணி, சலூன் துண்டுகளைத் துவைக்கிற வேலை வேறு. கம்பெனியில் வெள்ளைக் காற்று. இரண்டுக்கும் நடுவில் அந்தக் கொஞ்ச நேரம்தான் அவளுக்கே அவளுக்கு என்று இருந்தது.

இப்படியே போயிருக்கும். ஒரு நாள் தும்மல் சோதனை போட மேலே வந்துவிட்டார். மாடியில் அவருக்குத் தும்மல் வரவில்லை. அந்த ஆச்சரியத்தில் கொஞ்ச நேரம் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உத்தியோகம் ஞாபகம் வந்துவிட்டது.

"யாரோ சும்மா வந்து நிக்கிறதா கேள்விப்பட்டேன். நீ பிடிக்கிறியா, இல்ல வேடிக்கையா?"

வெட்டுக்காரி தன் வாயிலிருந்ததை எடுத்துச் சொக்கி வாயில் வைத்தாள். சொக்கி மாடிக்காக ஒரு இழுப்பு இழுத்தாள். இருமினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. "ஜலதோஷம் சார்," என்றாள் வெட்டுக்காரி. ஜலதோஷம் என்றால் தும்மலுக்கு மரியாதை உண்டு. தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு தும்மல் வந்தாலும் வராவிட்டாலும் ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு என்று ஆயிற்று. புகை உள்ளே போனால் மேகம் இன்னும் கிட்டத்தில் வருகிற மாதிரி இருந்தது. மாடியில் ஒரு சட்டம் உண்டு: காசு கொடுத்து வாங்குகிறவள்தான் சிகரெட் பிடிக்கிறவள். அடுத்தவள் கையிலிருந்து வாங்கி இழுப்பது கணக்கில் வராது. கடைசி இழுப்பு வாங்கினவளுக்கு, மற்றது பொது. சொக்கி ஒரு நாளும் வாங்கியதில்லை. அதனால் அவள் சிகரெட் பிடிக்கிறவள் இல்லை. இதை அவள் மனசார நம்பினாள்.

அவளுக்கு முப்பத்தைந்து முடிந்த சமயம் அது. உடம்பைக் காட்டப் போனபோது டாக்டரம்மா அதே பழைய கேள்வியைக் கேட்டார். சொக்கி அதே பழைய பதிலைச் சொன்னாள். அதே மாத்திரையே தொடர்ந்தது.

*

அந்த மத்தியானம் மேகம் நிறைய இருந்தது. வெட்டுக்காரி மருமகளைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருக்க, சொக்கி தன் பங்கை இழுத்துவிட்டு, ஒரு மேகத்தின் மேல் மானசீகமாகப் படுத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தாள். உட்கார்ந்து ஒரு தலையணையின் வாயைப் பிடித்தாள். ஊசி கையில் இல்லை. குனிந்து பார்த்தால் மடியில் கிடந்தது. எடுத்தாள். மறுபடியும் மடியில் கிடந்தது.

கையைப் பார்த்தாள். கை இருந்தது. ஆனால் அதற்குள் எலும்புக்குப் பதிலாக யாரோ பஞ்சை ஊதி விட்ட மாதிரி இருந்தது. வலி இல்லை. பயம்கூட வரவில்லை. சொல்லப்போனால் சுகமாக இருந்தது. வலது பக்கம் முழுக்க மெத்தென்று ஆகி, மெஷினின் உறுமல் தூரத்துக்குப் போய், வெயிலில் மிதந்த துகள்களோடு தானும் ஒன்றாக மிதப்பது போல இருந்தது. இப்படியே இருந்துவிட்டால் என்ன என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

"அக்கா, ஊசி" என்று சொல்ல வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. ஈரப் பஞ்சு மாதிரி ஏதோ வந்தது.

"என்னடி, வாய்க்குள்ள பல்லு இருக்கா இல்லையா?" என்று வெட்டுக்காரி சிரித்தாள். சிரித்தவள் பாதியில் நிறுத்தினாள். "ஏய். ஏய், சொக்கி. என்னடி ஆச்சு?"

ஒரு வாய் தைத்து முடிக்கிற நேரத்துக்குள் எல்லாம் சரியாகிவிட்டது. கை மறுபடியும் கையானது. வார்த்தை வார்த்தையாக வந்தது.

"ஒண்ணும் இல்லக்கா. கண்ண சொருகிடுச்சு."

"வெயில்ல நின்ன இல்ல, அதான். தண்ணி குடி."

தண்ணீர் குடித்தாள். சொக்குகிறவளுக்குச் சொக்கியது, இதில் என்ன இருக்கிறது என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். அவளும் விட்டுவிட்டாள். கொஞ்சம் ரகசியமாக, ஏதோ நல்ல கனவு கண்டவள் போல அதை வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வழக்கம் போலச் சலூனுக்குப் போனாள். துவைக்க வேண்டிய துண்டுகளை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்குப் போவார்கள். கடைசி ஆளும் போயிருந்தார். சொக்கி அந்தப் பெரிய நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். அதில் உட்கார அவளுக்குப் பிடிக்கும். சலூன்காரர் அவள் கழுத்தில் துணியைக் கட்டி, பின்னால் நின்று தலையிலிருந்த பஞ்சைச் சீப்பால் எடுத்துவிட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குள் ஒரு சொக்கியும் ஒரு சலூன்காரரும் இருந்தார்கள்.

சீப்பு நின்றது.

சலூன்காரருக்குக் காலையிலிருந்து ராத்திரி வரை ஒரே கவலைதான். இடது கிருதாவும் வலது கிருதாவும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா? இப்போது கண்ணாடியில் சொக்கியின் வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. நூலளவுதான். மற்றவர்கள் பார்த்தால் புன்னகை என்று நினைப்பார்கள்.

"இங்க பாரு. சிரி."

சொக்கி சிரித்தாள். பாதிதான் சிரித்தது.

"என்ன ஆச்சு உனக்கு?"

"ஒன்..." என்றாள். மீதி வரவில்லை. வலது கை நாற்காலிக் கைப்பிடியிலிருந்து வழுக்கி, வாய் தைக்காத தலையணை மாதிரித் தொங்கியது.

அவர் கடையைப் பூட்டவில்லை. விளக்கை அணைக்கவில்லை. அவள் கழுத்தில் கட்டிய துணியோடு அப்படியே அள்ளிக்கொண்டு தெருவில் ஓடி, முதலில் வந்த வண்டியை மறித்தார்.

*

ஆஸ்பத்திரியிலும் எல்லாம் வெள்ளையாகத்தான் இருந்தது. ஸ்கேன் மெஷினுக்குள் படுக்க வைத்தபோது சொக்கிக்குத் தன்னை யாரோ ஒரு பெரிய உறைக்குள் தள்ளுகிற மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள்ளேயே கையும் பேச்சும் திரும்பிவிட்டன. "எல்லாம் சரியாயிடுச்சு, வீட்டுக்குப் போலாங்க," என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். சலூன்காரர் அவள் கையை விடவில்லை.

டாக்டர் ஒரு பெண்தான், சொக்கியைவிடச் சின்னவள். தூக்கம் கெட்ட கண். படத்தை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வந்தாள்.

"நல்ல வேளை, மூளையில நிரந்தரமா எதுவும் பாதிக்கல. ஆனா ரத்தம் போற வழியில எங்கயோ உறைஞ்ச ரத்தக் கட்டி வந்து அடைச்சு, தானா விலகியிருக்கு. ஒரே நாள்ல ரெண்டு தடவை. அடுத்த தடவை விலகாமப் போச்சுன்னா பக்கவாதம், இல்ல உயிருக்கே ஆபத்து. ரெண்டு நாள் இங்கயே இருக்கணும்." தாளைப் புரட்டினாள். "பிரஷர் இல்ல, சுகர் இல்ல. என்ன மருந்து சாப்பிடறீங்க?"

சலூன்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு குழந்தை வேண்டாம் என்பதற்கான மாத்திரையைப் பற்றி, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

டாக்டர் நிமிர்ந்தாள். "சிகரெட் பழக்கம் உண்டா?"

சொக்கி புருஷனைப் பார்த்தாள். வாங்கினது கிடையாது. வாங்காதவள் பிடிக்கிறவள் இல்லை. "இல்லீங்க," என்றாள். டாக்டர் எழுதிக்கொண்டாள்.

எழுதுகிற அந்தச் சின்னச் சத்தம் சொக்கிக்குக் கேட்டது. அப்போதுதான், நாள் முழுக்க வராத பயம் வந்தது. நர்ஸ் சொன்ன மருந்தை வாங்க சலூன்காரர் வெளியே போனதும், நகர்ந்து போகப் பார்த்த டாக்டரின் கோட்டு நுனியைப் பிடித்துவிட்டாள்.

"டாக்டர், நான் வாங்கினதே இல்ல."

"எதை?"

"சிகரெட்ட. மேல காத்து வாங்கத்தான் போவேன். அப்பப்ப ரெண்டு இழுப்பு."

டாக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "ஒரு நாளைக்கு எத்தனை ரெண்டு?"

சொக்கி சொன்னாள். ஆரம்பத்திலிருந்து, போர்டு, தும்மல், மாடி, மேகம் எல்லாவற்றையும் சொன்னாள். மேகம் வந்த இடத்தில் டாக்டருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"இங்க பாருங்கம்மா. அந்த மாத்திரை மேல தப்பில்ல. எத்தனையோ பேர் நல்லபடியாச் சாப்பிடறாங்க. ஆனா அதுல இருக்கிற ஹார்மோன் ரத்தத்தைக் கொஞ்சம் சுலபமா உறைய வைக்கும். சிகரெட் புகை ரத்தக் குழாயோட உள்பக்கத்தைக் கெடுத்துச் சுருக்கிடும். ரெண்டும் ஒண்ணா சேந்தா, அதுவும் முப்பத்தஞ்சு வயசுக்கு மேல, மாரடைப்பும் பக்கவாதமும் வர்ற ஆபத்து ரொம்பக் கூடிடும். சிகரெட் பிடிக்கிறவங்கன்னு தெரிஞ்சிருந்தா இந்த மாத்திரையை உங்க வயசுல யாரும் எழுதியே இருக்க மாட்டாங்க."

"கட்டிப் பஞ்சு குழாய்ல சிக்கிக்கிற மாதிரியா?"

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"மெஷின நிறுத்தி, குழாயக் கழட்டித் தட்டுவோம்."

"இங்க நிறுத்தவும் முடியாது, கழட்டவும் முடியாது. அதான் பிரச்சினை."

சொக்கி கடைத்தெருவில் பேரம் பேசுகிற குரலில் கேட்டாள். "ரெண்டுல ஒண்ண மட்டும் வச்சுக்கலாமா?"

"எதை வச்சுக்கணும்கிறீங்க?"

"மாடிய."

"மாடியை நான் எங்கம்மா வேணாம்னேன்? சிகரெட் வேணாம். ஒரு இழுப்புகூட வேணாம். இப்படி ஒரு தடவை வந்துட்டதால அந்த மாத்திரையும் இனி எப்பவுமே உங்களுக்குக் கிடையாது. குழந்தை வேணாம்னா வேற வழி நிறைய இருக்கு. காப்பர் டி வச்சுக்கலாம். இல்ல உங்க வீட்டுக்காரருக்குச் சின்னதா ஒரு ஆபரேஷன், காலையில வந்தா சாயங்காலம் போயிடலாம்."

சிகரெட் இல்லாமல் மாடி ஏது? அத்தனையும் சொல்லியும் அது டாக்டருக்குப் புரியவில்லையே. சொக்கி கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணுக்குள் தண்ணீர்த் தொட்டியும் உடைந்த நாற்காலியும் மெதுவாகத் தூரமாகப் போயின.

சலூன்காரர் மருந்தோடு வந்தபோது அவளே சொன்னாள். அவர் திட்டுவார் என்று நினைத்தாள். அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்குத் தெரியும்," என்றார்.

"எப்படிங்க?"

"தினம் உன் தலையிலதான பஞ்சு எடுக்கறேன். எத்தனை தலையைப் பாக்கறவன் நான். முடியில புகை போய் உக்காந்தா லேசுல போகாதுடி. ஒரு வருஷத்துக்கு மேலயே தெரியும். நீயா சொல்லுவேன்னு இருந்தேன். பாவம், அவளுக்குன்னு ஏதோ ஒண்ணு இருந்துட்டுப் போவட்டும்னு விட்டுட்டேன்." மருந்துப் பையைக் கீழே வைத்தார். "மாத்திரைய வாங்கிட்டு வந்தவனும் நான்தான். புகை வாசத்தைக் கண்டுபிடிச்சவனும் நான்தான். ரெண்டும் தெரிஞ்ச ஒரே ஆளு. ரெண்டையும் சேத்துப் பாக்கணும்னு தோணவே இல்லையே எனக்கு."

"எனக்கே தோணல. உங்களுக்கு எங்க?"

வார்டை விட்டுப் போகும் முன் டாக்டர் அவரைக் கூப்பிட்டுச் சொன்னாள்: முகம் கோணினாலும், கை கால் ஒரு பக்கம் விழுந்தாலும், பேச்சு குழறினாலும், தாங்க முடியாத தலைவலி வந்தாலும், நெஞ்சு வலித்தாலும், மூச்சு வாங்கினாலும், ஒரு கால் மட்டும் வீங்கினாலும், சரியாகிவிட்டதே என்று வீட்டில் உட்காரக் கூடாது. அவர் பயபக்தியோடு தலையாட்டினார். அந்தச் சின்ன ஆபரேஷனைப் பற்றியும் சொன்னாள். அதற்குத் தலையாட்டவில்லை.

"நாளெல்லாம் கத்தி பிடிக்கிற ஆளு, உங்களுக்கு என்னங்க பயம்?" என்றாள் சொக்கி.

"கத்தி பிடிக்கிறவனுக்குத்தான்டி கத்தியைப் பத்தித் தெரியும்."

ஆனால் அடுத்த மாதம் ஒரு நாள் சலூன் மூடியிருந்தது. பல்வலி என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தார். பல்வலிக்காரர் எதற்குக் காலை அகட்டி வைத்து நடக்கிறார் என்று தெருவில் கொஞ்ச நாள் பேச்சாக இருந்தது. வெட்டுக்காரிக்கு விஷயம் தெரியும். ஆனால் அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக யாரிடமும் சொல்லவில்லை.

அவளுக்கும் காரணம் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தவள், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வாயே திறக்காமல் இருந்தாள். கடைசியில்தான் சொன்னாள்: "என் கையால உன் வாயில வச்சேனேடி."

"நான்தானேக்கா இழுத்தேன்."

"மாத்திரை சாப்பிடறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"உங்கிட்ட சொன்னா ஊருக்கே தெரிஞ்சிருக்கும்."

வெட்டுக்காரி அழுதுகொண்டே சிரித்தாள்.

*

சொக்கி திரும்ப வேலைக்கு வந்தாள். தும்மல் தூரத்திலிருந்தே தும்மி வரவேற்றார். விஷயம் கேள்விப்பட்டிருந்தார். "இனிமே பிடிக்க மாட்டியாமே? ரொம்ப நல்லது. அப்ப மாடிக்கும் வேலை இல்ல. உக்காந்து தை," என்றார். அவர் கெட்டவர் இல்லை. வழக்கம் அப்படி.

உட்கார்ந்து தைத்தாள். ஜன்னலில் துகள்கள் மிதந்தன. மெஷின் உறுமியது. முன்பெல்லாம் அதில் சொக்கிப் போவாள். இப்போது கொஞ்சம் கண் செருகினாலே திடுக்கிட்டு வலது கை விரல்களை மடக்கிப் பார்த்துக்கொண்டாள். சொக்குவதற்கே பயமாகிவிட்டது. அந்த வெள்ளைக்குள் இனிமேல் நம்பி விழ முடியாது. மேலே, வெளியே, வானத்தைப் பார்த்துக்கொண்டு சொக்கினால்தான் சொக்கல். மற்றவர்கள் எழுந்து மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டது. புகை வேண்டும் என்று ஒரு கணம் தொண்டை கேட்டது. எச்சிலை விழுங்கினாள். மேகம் வேண்டும் என்று உடம்பு முழுக்கக் கேட்டது. அதை விழுங்க முடியவில்லை.

மறுநாள் வேலைக்கு வருகிற வழியில், பெட்டிக்கடை முன்னால் நின்றாள். "ஒரு சிகரெட்," என்றாள். அவள் காசு கொடுத்து வாங்கிய முதல் சிகரெட் அது.

மத்தியானத்துக்கு மேல், எல்லோரும் மாடிக்குக் கிளம்பும் நேரம், தும்மல் பஞ்சு அறை நடுவில் நின்றுகொண்டிருந்தார். சொக்கி இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து அதை எடுத்தாள். தைத்துக்கொண்டிருந்த தலையணையின் மேல் நிறுத்தி வைத்தாள்.

தும்மலுக்கு முகம் வெளுத்தது. "ஏய்! என்ன அது?"

"சிகரெட் சார்."

"தெரியுது! இங்க எதுக்கு எடுத்த? பஞ்சு ரூம்! எடு! மேல போ! மேல போ மொதல்ல!"

"பத்தவைக்கல சார்."

"பத்தவச்சா என்ன, வைக்காட்டி என்ன, போர்டப் பாரு! வச்சிருக்கறவங்க யாரும் உள்ள இருக்கக்கூடாது! போ!"

"சரிங்க சார்," என்று சொக்கி ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள். "போறேன். நீங்க சொன்னா சரி."

அவள் பாதிப் படி ஏறியதும்தான் தும்மலுக்குப் புரிந்தது. கீழே அவர் தும்முகிற சத்தம் வரிசையாகக் கேட்டது. அதையும் மீறி வெட்டுக்காரியின் சிரிப்பு கேட்டது.

ஒரு வாரத்துக்குள் கம்பெனியில் சிகரெட் வைத்திராத பெண்ணே இல்லை. ஆளுக்கு ஒன்று, ஒன்றே ஒன்று, பற்றவைக்காதது. வெட்டுக்காரி மட்டும் நிஜமாகவே பிடித்தாள். ஆனால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று விரலை நனைத்துப் பார்த்து, சொக்கிக்கு அந்தப் பக்கமாகத் தூரப் போய் நின்று பிடித்தாள். அதையும் நாளாக ஆகப் பாதியிலேயே அணைக்க ஆரம்பித்தாள். நின்ற இடத்திலிருந்து கத்திக் கதை பேச வேண்டியிருந்ததால் பிடிக்க நேரம் போதவில்லை என்று காரணம் சொன்னாள்.

தும்மல் ஒரு நாள் மேலே வந்தார். எல்லோரும் கையில் ஒன்றை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திட்டத்தான் வந்தார். வாயைத் திறந்தார். தும்மல் வரவில்லை. மூச்சு நன்றாக உள்ளே போய் நன்றாக வெளியே வந்தது. அந்தக் கால் உடைந்த நாற்காலியைச் சுவரோடு சாய்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"யாராவது எனக்கும் ஒண்ணு கொடுங்கம்மா. சும்மா கையில வச்சுக்க."

சொக்கியின் சிகரெட் மாதக்கணக்கில் அவளிடமே இருந்தது. காகிதம் பழுத்துவிட்டது. ஒரு நாள் நுனியிலிருந்து தூள் உதிர ஆரம்பித்தது. வெட்டுக்காரியிடம் தலையணைத் துணியில் ஒரு சின்னத் துண்டு வெட்டித் தரச் சொல்லி, அதில் பொதிந்து, மேகங்களுக்குக் கீழே உட்கார்ந்து, வலது கையால் மெதுவாக அதன் வாயைத் தைத்து மூடினாள்.

தையல் வெளியே தெரியவில்லை.